பள்ளிப் பத்திரிகைக்கு யாரைச் சேர்ப்பது?

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், வட தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினோம். நாங்கள் என்றால், பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நானும், பக்கத்து ஊரில் படிப்பகம் நடத்திவரும் தோழர்கள் மூன்று பேரும். திட்டம் எளிமையானது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் பதினோராம் வகுப்பிலிருந்தும் பதினைந்து மாணவர்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம். செய்தி என்றால் என்ன, யாரிடம் கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு பக்கத்தில் ஓர் இதழ் வரும். ஜெராக்ஸ் செலவு படிப்பகத்துடையது.

தலைமையாசிரியர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். தமிழாசிரியரை அழைத்து, "நல்ல பிள்ளைங்களா பாத்துக் குடுங்க" என்றார். பத்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவர்கள். இவ்வளவு சுலபமாக வேலை முடிந்ததே என்று நானும் மகிழ்ந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு பயிற்சி கொடுத்தேன். "நம் ஊரில் செய்தி எங்கெல்லாம் கிடைக்கும்? ஊரை வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லி, மூன்று குழுவுக்கும் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் தந்தேன். பிள்ளைகள் அழகாகவே வரைந்தார்கள். மாரியம்மன் கோயில், ஊராட்சி மன்ற அலுவலகம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, பேருந்து நிறுத்தம், செல்போன் டவர், ஏரி. மூன்று படத்திலும் சாலை ஏரிக்கரையோடு முடிந்துவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம் காலனி இருக்கிறது. அதையும் தாண்டி இருளர் குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். மூன்று படத்தில் ஒன்றில்கூட அந்த இரண்டு இடமும் இல்லை.

அதன் பிறகுதான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து பேரில் காலனியிலிருந்து ஒரே ஒரு மாணவி. இருளர் குடியிருப்பிலிருந்து யாருமில்லை. அந்த ஒரு மாணவியும் ஒரு குழுவில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்துதான் படம் வரைந்திருந்தாள். தன் தெருவை அவளும் வரையவில்லை.

ஏன் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் அந்த இடத்தில் இருந்தவள் நான். எங்கள் தெருவிலிருந்து கலைநிகழ்ச்சிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் அனுப்பப்பட்ட ஒரே பிள்ளை. ஒரே ஒருத்தியாகச் சேர்க்கப்படும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது, தன் தெருவைப் பற்றிப் பேசாமல் இருப்பது எப்படி என்பதைத்தான். "எங்க ஊர் கோயில் திருவிழா" என்று நான் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரை ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குள் எங்கள் வீட்டார் யாரும் அன்றைக்குப் போனதில்லை.

பட்டியல் எப்படித் தயாரானது?

அந்தத் தமிழாசிரியர் சாதி வெறியர் அல்லர். காலனிப் பிள்ளைகளுக்குத் தன் சொந்தக் காசில் நோட்டு வாங்கித் தருபவர். அவர் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே ஒரு பட்டியல் இப்படி அமைகிறதென்றால், அந்தப் பட்டியலைத் தயாரித்த அளவுகோல்களைத்தான் பார்க்க வேண்டும்.

அவரிடமே உட்கார்ந்து பேசினேன். எதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் ஐயா என்று கேட்டேன். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். பிழையில்லாமல் எழுத வேண்டும். மேடையில் கூச்சமில்லாமல் பேச வேண்டும். சனிக்கிழமை தவறாமல் வர வேண்டும். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் நல்லது, குழுவில் தகவல் போடலாம். பெற்றோர் "எதுக்கு இதெல்லாம்" என்று கேட்காதவர்களாக இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையெழுத்து என்பது வீட்டில் மேசையும் வெளிச்சமும் நேரமும் இருப்பதன் அடையாளம். பிழையில்லாத் தமிழ் என்று நாம் சொல்வது, எந்தெந்த வீடுகளில் பேசப்படும் தமிழுக்குப் பாடப்புத்தகம் நெருக்கமாக இருக்கிறதோ அந்த வீடுகளின் தமிழ். கூச்சமில்லாமை என்பது, வாயைத் திறந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை சிறு வயதிலிருந்தே கிடைத்திருப்பது. சனிக்கிழமை என்பது காலனிப் பையன்களுக்கு விடுமுறையல்ல. முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங்காரர்களோடு பந்தி பரிமாறப் போவார்கள். மற்ற நாளில் பெயின்ட் அடிக்க, சென்ட்ரிங் வேலைக்கு என்று போவார்கள். பெண் பிள்ளைகள் மல்லாட்டை ஆய, களை எடுக்க அம்மாவோடு போவார்கள், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த ஆறு அளவுகோலிலும் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் ஆறையும் ஒன்றன்மீது ஒன்றாக வைத்துச் சலித்தால், சல்லடையில் மிஞ்சுவது யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. இதற்குத்தான் நம் நாட்டில் "தகுதி" என்று பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆறில் ஒன்றுகூடப் பத்திரிகையாளருக்கு உரிய குணம் அல்ல. யார் கவனிக்கிறார்கள், யாருக்குக் கேள்வி எழுகிறது, யார் கேட்டதை அப்படியே நம்பாமல் இன்னொருவரிடம் விசாரிக்கிறார்கள், யாருக்கு ஊரில் நடப்பது முதலில் தெரிகிறது என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை. அழகாக எழுதுகிறவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எதை எழுதுவது என்று அவர்களுக்குச் சொல்லித் தர முயன்றோம். திருவிழாவும் மரம் நடுவிழாவும்தான் அவர்களுக்குக் கிடைத்தன.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து செய்தி அறை வரை

இது ஒரு பள்ளியின் சிறிய விஷயம், இதற்கு இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய இடங்களின் கணக்கைப் பார்ப்போம்.

1996-இல் பத்திரிகையாளர் பி.என். உனியால், வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் கேட்டதன் பேரில் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடத் தொடங்கினார். அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களின் பட்டியல் முழுவதையும் பார்த்தும் ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி தனக்கே தோன்றவில்லையே என்பதுதான் அவரை அதிர வைத்தது. பத்து ஆண்டு கழித்து, 2006-இல், 37 தேசிய ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒருவர்கூடப் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, செய்தி அறைகளின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 106-இல் இருந்தவர்கள் உயர்சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அப்போதும் இல்லை.

இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நாங்கள் சாதி பார்ப்பதில்லை. தகுதியானவர்கள் விண்ணப்பிப்பதில்லை." எங்கள் பள்ளியில் பட்டியல் தயாரித்தபோது நடந்ததும் இதுதானே? யாரும் சாதி பார்க்கவில்லை. "தகுதியானவர்கள்" பதினைந்து பேர் கிடைத்தார்கள். செய்தி அறையின் கதவு இருபத்தைந்து வயதில் மூடப்படுவதாக நாம் நினைக்கிறோம். அது பதினான்கு வயதிலேயே, ஒரு நல்ல ஆசிரியரின் கையால், மெதுவாகச் சாத்தப்பட்டுவிடுகிறது.

நம் முன்னோர் இந்தக் கதவு திறக்கும் என்று காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே முகப்பில் போட்டார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். அந்தப் பெயருக்கே ஊமைகளின் தலைவன் என்று பொருள். காசு கொடுத்தும் அந்த இதழின் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது.

என் ஆய்வு இந்தப் பழைய இதழ்களைப் பற்றியது. அவற்றைப் படிக்கும்போது என்னை மிகவும் ஈர்ப்பவை தலையங்கங்கள் அல்ல, வாசகர் கடிதங்கள். கோலார் தங்கவயலிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் 'தமிழன்' இதழுக்கு எழுதினார்கள். எங்கள் ஊரில் இன்னது நடந்தது, எங்களைக் குளத்தில் இறங்க விடவில்லை, பள்ளியில் சேர்க்கவில்லை என்று எழுதினார்கள். இவர்களில் யாருக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார் பண்டிதர்? நடந்தது தெரிந்தவர்கள் எழுதினார்கள். எழுத்தைச் சரிசெய்வது ஆசிரியரின் வேலையாக இருந்தது.

நம் காலத்திலும் உதாரணம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா'. எழுத்தறிவுத் திட்டத்தின் வழியாகப் படிக்கத் தெரிந்துகொண்ட கிராமத்துப் பெண்களிடமிருந்து முளைத்த பத்திரிகை அது. தலித் பெண்களும் பழங்குடிப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அதன் செய்தியாளர்கள். இதழியல் பட்டம் கேட்டிருந்தால் ஒருவர்கூட உள்ளே வந்திருக்க மாட்டார். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆளைச் சேர்த்துக்கொண்டு எழுத்தைக் கற்பிக்கலாம். எழுத்தைப் பார்த்து ஆளைச் சேர்த்தால் பழைய ஆட்கள்தான் வருவார்கள்.

மறுபடியும் சேர்த்தோம்

காலாண்டு விடுமுறை முடிந்ததும் மறுபடியும் ஆள் சேர்த்தோம். முதல் பதினைந்து பேரை வெளியேற்றவில்லை. இன்னும் பதினைந்து இடங்களைக் கூட்டினோம். நாளை மாற்றினோம். சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை. இதற்காகத் தலைமையாசிரியரிடம் மூன்று முறை போய் நின்றோம்.

கட்டுரைப் போட்டி வைக்கவில்லை. வகுப்பு வகுப்பாகப் போய், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டோம்: "இந்த வாரம் உங்கள் தெருவில் நடந்து, வெளியே யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்." எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அடுத்ததாக ஒன்று கேட்டோம்: "அது உண்மைதான் என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்?"

இடங்களைக் குடியிருப்பு வாரியாகப் பிரித்தோம். ஊர்த்தெருக்கள், காலனி, இருளர் குடியிருப்பு, பக்கத்துக் குக்கிராமங்கள் இரண்டு. எங்கிருந்து எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களோ அந்த அளவில் இடம். எந்தப் பிள்ளையிடமும் சாதியைக் கேட்கவில்லை. அப்படியும் தலைமையாசிரியர் தயங்கினார். "பிள்ளைங்க மனசுல இல்லாத சாதிய நீங்களே கொண்டு வந்து விதைக்கறீங்களேம்மா" என்றார். அந்த மூன்று படங்களையும் அவர் மேசைமேல் விரித்து வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, செய்யுங்க" என்றார்.

காலனி மாணவி ஒருத்தி சொன்னாள்: "டவுன் பஸ்ஸு எங்க ஸ்டாப்புல நிக்கறதே இல்லக்கா. ஏரிக்கரையில எறக்கி உட்ருவாங்க." யாரிடம் கேட்கலாம் என்றேன். "கண்டக்டர்கிட்ட கேக்கலாம். ஆனா அவரு பொய் சொல்லுவாரு. நானே எண்ணிப் பாக்கறேன்" என்றாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பெயரைக் குறித்துக்கொள்ளும்போது அவள் தயங்கினாள். "என் கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும்க்கா. பரவாயில்லையா?"

பத்துப் பள்ளி நாட்கள் அவள் எண்ணினாள். ஆறு நாள் பேருந்து நிற்கவில்லை. நேரத்தையும் பேருந்தின் எண்ணையும் நோட்டில் குறித்திருந்தாள். எங்கள் முதல் இதழின் முதல் பக்கம் அதுதான். இதழ் பணிமனை வரை போனது. அதன் பிறகு கொஞ்ச நாள் பேருந்து நின்றது. பிறகு மறுபடியும் பழைய கதை. அவள் மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.

ஊர்த்தெருவிலிருந்து முதல் பட்டியலிலேயே வந்த ஒரு மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்துச் செய்திக்காகக் காலனிப் பெரியவர்களிடம் பேச அவனும் போனான். பிறந்ததிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்தும், பதினான்கு வயதில்தான் முதல்முறையாக அந்தத் தெருவுக்குள் கால் வைத்திருக்கிறான். வீட்டில் திட்டு விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வருவானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தான். ஆள் சேர்ப்பைத் திருத்துவது காலனிப் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி என்று யாராவது நினைத்தால், அவனைத்தான் நான் காட்டுவேன். பாதி ஊரை மறைத்து வரையும்படி அவனும்தான் வளர்க்கப்பட்டிருந்தான்.

ஓர் அம்மாவின் கேள்வி

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் பெற்றோரின் ஒப்புதல் வாங்க வீடு வீடாகப் போனபோது, ஓர் அம்மா கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. "ஏம்மா, பேப்பர்ல எழுதுனா வம்பு வரும். வந்தா நீ பஸ் ஏறிப் போயிடுவ. நாங்கதான இங்க இருக்கணும்?"

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான் அவன் செய்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு.

சொன்னால் ஆபத்து. சொல்லாவிட்டாலோ? 2022-இன் இறுதியில், ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலின மாணவர்களை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தது வெளியே வந்தது. தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். காய்ச்சலில் படுத்த ஒரு சிறுவன் தன் அம்மாவிடம் சொன்னதால்தான் அது வெளியே வந்தது. அத்தனை ஆசிரியர்கள், அதிகாரிகள், செய்தியாளர்கள் இருந்தும், செய்தியைச் சொன்னது ஒரு குழந்தை.

ஆகவே, காலனிப் பிள்ளையைச் சேர்ப்பதோடு நம் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒரு தெருவிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை மட்டும் சேர்ப்பதில்லை, குறைந்தது நான்கு பேராவது சேர்ந்து வரவேண்டும். எந்தச் செய்திக்கும் மாணவர் பெயர் தனியாகப் போடுவதில்லை, "மாணவர் ஆசிரியர் குழு" என்றுதான் வரும். தகராறு வரக்கூடிய செய்திக்குப் பெரியவர்களாகிய நாங்கள் பெயர் போட்டுப் பொறுப்பேற்போம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் அதைத் தடை செய்கிறது. எந்த நேரத்திலும் எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். எங்களில் ஒருவராவது அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி அந்த அம்மா சொன்னதிலிருந்து நேரடியாக எடுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் தோற்ற இடம் உண்டு. இரண்டாவது இதழுக்காக நான்கு மாணவர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். வகுப்பறையைப் பெருக்கவும் தண்ணீர் எடுத்துவரவும் யார் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள் என்று மூன்று வாரம் எண்ணியிருந்தார்கள். பேருந்துச் செய்தியில் கற்றுக்கொண்ட அதே முறை. பெயர்கள் பெரும்பாலும் ஏரிக்கு அந்தப் பக்கத்தவை. பள்ளி நிர்வாகம் அந்தச் செய்தியை வெளியிட அனுமதிக்கவில்லை. வற்புறுத்தினால் இதழே நின்றுபோகும் என்ற நிலை. பேசிப் பார்த்தோம். எல்லா மாணவர்களுக்கும் சுழற்சி முறையில் வேலைப் பட்டியல் ஒட்ட ஒப்புக்கொண்டார்கள். செய்தி மட்டும் வரவில்லை. அந்தக் கையெழுத்துக்காரப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப எதுக்குக்கா எங்களச் சேத்தீங்க?"

பட்டியல் ஒட்டியது வெற்றிதான் என்று தோழர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு பிள்ளையைப் பத்திரிகையில் சேர்க்கும்போது, "நீ சொல்வது அச்சில் வரும்" என்று நாம் வாக்குக் கொடுக்கிறோம். வாக்கைக் காப்பாற்ற முடியாத இடத்தில், சேர்ப்பது வெறும் கணக்குக் காட்டலாகிவிடும். பள்ளிக்குள் வரமுடியாத செய்தியைப் படிப்பகத்தின் பெயரில், எங்கள் பெயரில் கொண்டுவரலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவில் அந்த நான்கு பிள்ளைகளின் பெற்றோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

வரும் ஜூனில்

பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் 'தேன்சிட்டு' போன்ற இதழ்களை நடத்திவருகிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. பள்ளிதோறும் இலக்கிய மன்றம், வாசிப்பு இயக்கம், கலைத் திருவிழா என்று பலவும் நடக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஓர் ஆசிரியர் எங்கோ உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு பட்டியல் எழுதுகிறார். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசுவதில்லை. எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொன்னால் போதும், பட்டியல் எழுதும் கை ஒருகணம் நிற்கும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள், படிப்பகம் வைத்திருப்பவர்கள், ஏப்ரல் 14-க்குப் பேச்சுப் போட்டி வைப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நாமும் நம் போட்டிகளில் நன்றாகப் பேசும் பிள்ளைக்குத்தான் பரிசு தருகிறோம். அதே பிள்ளைக்குத்தான் ஆண்டுதோறும் தருகிறோம். பேசாத பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அதனிடம் போய், உன் தெருவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிழையோடு எழுதட்டும். திருத்தத்தான் நாம் இருக்கிறோம்.

அந்த மூன்று படங்களும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. மூன்றாவது இதழ் முடிந்த பிறகு, மறுபடியும் ஊரை வரையச் சொன்னேன். இம்முறை சார்ட் பேப்பர் போதவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்தை வரைய இன்னொரு தாளை எடுத்து, பசை தடவி ஒட்டிக்கொண்டார்கள்.